ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்

பெண்வீட்டார் தன்னை வேண்டாமென்று சொல்லவேண்டும் என்பதற்காகவே இராசசிங்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயத்துக்கு வந்திருந்தான்.

அவனுக்குப் பிடிக்காத கலியாணத்துக்குத் தாய் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து மறுக்க அவனால் முடியவில்லை. பெண்ணின் தகப்பன் ஞானரட்ணம் வாத்தியாரோ, கர்த்தரின் ஓய்வுநாளென்று ஞாயிற்றுக்கிழமையில் அடுப்புக்கூட மூட்டவிடாதவர். பந்தயத்தில் வென்றால் செய்தி அவர் காதுக்குப் போகும், பேச்சு முறிந்துவிடும்.

"உந்தக் கறுப்பு ஒஸ்ரின் கார்க்காரர் பொல்லாதவர், அண்ணை. பேரும் சொல்லார், முந்தவும் விடார்," என்றான் கொடி பிடித்தவன்.

கொடிகாமத்து மணல்வெளியில் பத்துச் சுற்று. கறுப்பு ஒஸ்ரின் கடைசிவரை அவன் காரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கார் நீளத்தில் இராசசிங்கம் வென்றான். பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டான்.

கைகுலுக்க வந்த ஒஸ்ரின்காரர் புழுதி படிந்த கண்ணாடியைக் கழற்றினார். இவனும் கழற்றினான்.

எதிரே ஞானரட்ணம் வாத்தியார்.

வாத்தியார் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆசுப்பத்திரியிலை வருத்தக்காரருக்குச் செபம்பண்ணப் போறன் எண்டு வீட்டிலை சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார் அவர் மெல்ல.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், மாஸ்ரர்."

"மாமா எண்டு சொல்லும், தம்பி." அவன் தோளை இறுகப் பிடித்தார். "கலியாணத்தை வாற மாதமே வைப்பம். என்ரை கள்ளம் தெரிஞ்ச ஆளை இனி வெளியிலை விடேலுமே?"