டைகருக்கு ஒரு மெத்தை

“பின்னங்கால் ரெண்டும் போயிடுச்சு மேடம். காலையில நான் தூக்கிட்டுப் போனாத்தான் ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம். கொஞ்சம் அசந்தா படுத்த இடத்துலயே போயிடும்,” என்றான் சேல்ஸ்மேன்.

டைல்ஸ் கடையின் பின்னறையில் சாப்பாட்டு நேரம். பிரிக்காத டைல்ஸ் பெட்டிகள்தான் அங்கே மேசையும் நாற்காலியும். யார் வீட்டுச் செல்லப் பிராணி ஆளை அதிகம் பாடுபடுத்துகிறது என்று, டப்பாவைத் திறந்ததிலிருந்து ஒரே போட்டி.

மீன் வளர்க்கும் கேஷியர் பெண் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். “வாரா வாரம் தண்ணி மாத்தணும், கரன்ட் போனா உயிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்கணும்,” என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மீன் என்ன மீன்? என் கிளியை ஒரு நாள் வச்சுப் பாரு,” என்றார் டிரைவர். “பாதி தின்னும், பாதியை வீடு பூரா இறைக்கும். என் பொண்டாட்டி என்னைத் திட்றதையெல்லாம் கத்துக்கிட்டு, அவ ஊர்ல இல்லாதப்ப அது திட்டுது.”

மேனேஜர் மேடம் பூனைக்காரர். “என் பூனைக்குத் தினம் மண் மாத்தணும், சீவி விடணும். நேத்து ஆசையாத் தின்னதை இன்னிக்கு மோந்துகூடப் பாக்காது,” என்றவர் சேல்ஸ்மேன் பக்கம் திரும்பினார். “ஆனா உன் டைகர்கிட்ட நாங்கல்லாம் நிக்க முடியாதுப்பா. மாத்திரை எப்படிக் குடுக்கறே?”

“வாழைப்பழத்துக்குள்ள வச்சு. பழத்தை முழுங்கிட்டு மாத்திரையை மட்டும் துப்பிடும். பல் கிடையாது, எல்லாத்தையும் மசிச்சு ஊட்டணும். அதுவும் ரேடியோவுல செய்தி ஓடினாத்தான் வாயே திறக்கும்.”

“படிச்ச நாய்!” என்றார் டிரைவர். அறையே சிரித்தது. அவனும் சிரித்து வைத்துவிட்டு, பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினான்.

வேலை கேட்டு வந்த அன்று மேனேஜர் கேட்ட முதல் கேள்வியே, “வீட்ல யார் யாரு?” என்பதுதான். அவனுக்கு முன்னால் இருந்தவன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு லீவு, லீவு என்று வந்து நின்றிருக்கிறான். “வீட்டைப் பாக்கணும்னா வீட்லயே இருந்துக்கோ,” என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

“யாருமில்ல மேடம். வயசான நாய் ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்,” என்றான் இவன். மேனேஜரின் முகம் அப்படியே இளகிவிட்டது. வாயில்லா ஜீவன், அதற்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று, தினமும் அரை மணி நேரம் தாமதமாக வரவும் அனுமதி கொடுத்தார்.

ஆக, அந்த நாய்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. அதை நினைத்தாலே அவனுக்கு உடம்பு கூசும். டைகருக்கு முடியவில்லை என்று லீவு கேட்கும் நாட்களில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் போன் பேசுவான்.

அன்று மாலை புது வீடு ஒன்றில் டைல்ஸ் இறக்கிவிட்டு மேனேஜரும் டிரைவரும் அவனும் வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் தெரு வந்ததும் மேனேஜர் பின் சீட்டிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். நாய் படுக்கும் மெத்தை, ஓரமெல்லாம் எலும்புப் படம் போட்டது.

“உனக்குத் தெரியாம வாங்கி வச்சேன். டைகரைப் பாத்து என் கையாலயே குடுத்துட்டுப் போறேன். வண்டியை நிறுத்துங்க.”

அவன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தான். “வேணாம் மேடம், புது ஆளைக் கண்டா கடிச்சிடும்.”

“பல்லே இல்லேன்னியே தம்பி?” என்றபடி டிரைவர் பிரேக் போட்டார்.

கதவு பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தது. அவன் முந்திக்கொள்வதற்குள் மேனேஜர் தள்ளித் திறந்துவிட்டார். ஜன்னலோரக் கட்டிலில், போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“இவர் யாருப்பா?”

வேலை போய்விடும். அவன் தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. “பக்கத்து வீட்டுக்காரர் மேடம். நான் இல்லாதப்ப நாயைப் பாத்துக்குவார்,” என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகு கட்டில் பக்கம் திரும்ப அவனுக்குத் தெம்பில்லை. இந்த நாக்கு அழுகிப்போகக் கூடாதா என்றிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மேனேஜர் கையில் மெத்தையோடு, “டைகர்... டைகர்...” என்று கூப்பிட்டுப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார், சமையலறையை எட்டிப் பார்த்தார். சங்கிலி இல்லை, தட்டு இல்லை, மருந்துக்குக்கூட ஒரு நாய் முடி இல்லை.

“எங்கப்பா உன் நாய்?” என்றார். இப்போது குரலில் பழைய குழைவு இல்லை. “அப்படி ஒண்ணு இருக்கா, இல்ல லீவுக்காகக் கதை விட்டியா?”

வாசலில் நின்ற டிரைவரும் அவனையே பார்த்தார்.

பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார். கைகள் கட்டிலை அழுத்தின, இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, மேனேஜரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நாய் மத்தியானமே செத்துப்போச்சும்மா... எம் புள்ள அதுக்கு ஒரு குறையும் வைக்கல.”