மானியத்துக்கு ஒரு மயக்கம்

“செத்தவன் மாதிரி வுழணும் பக்கிரி. பாக்கறவங்க பதறிப் போவணும்” என்றார் சடையப்பன்.

“கவலையே படாதீங்க மொதலாளி. எங்கூரு கூத்துல வருசா வருசம் நாந்தான் சாவறேன்” என்று சிரித்தான் பக்கிரி.

முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது சடையப்பனின் ஐஸ் ஃபேக்டரி. அம்மோனியா வாயு கசிந்தால் என்ன செய்வது என்று தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க அரசு மானியம் தந்திருந்தது. சடையப்பனும் குறையில்லாமல் நடத்தினார். ஒரு பேனர் கட்டினார், ஒரு போட்டோ எடுத்தார், ஆளுக்கொரு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அத்தோடு பயிற்சி முடிந்தது.

மீதி மானியம் வர வேண்டுமென்றால் கற்றதைச் செய்து காட்டியாக வேண்டும். பார்க்க வருகிற அதிகாரி வெண்மதி லேசுப்பட்டவர் இல்லை. காலையில்தான் சிதம்பரத்தில் ஒரு கம்பெனிக்கு மானியத்தை நிறுத்திவிட்டு நேராக இங்கே வருகிறார் என்று கேள்வி.

திட்டம் சுலபமானது. வைக்கோலைக் கொளுத்திப் புகை கிளப்புவார்கள். பக்கிரி மெஷின் ரூமிலிருந்து தள்ளாடிக்கொண்டே வந்து வாசலில் விழுவான். பின்னாலேயே இளவரசு வந்து அவனைத் தோளில் தூக்கிப்போட்டுக் காப்பாற்றுவான். இளவரசு, சடையப்பனின் தங்கை சத்யப்பிரியாவின் கணவன். மெஷின் ரூம் அவன் பொறுப்பு.

இரண்டு பேருக்கும் மஞ்சள் உடுப்பு, ரப்பர் கையுறை, மூஞ்சியை முழுசாக மூடும் மாஸ்க். எல்லாம் ஒருநாள் வாடகைக்கு எடுத்தவை.

“மாஸ்க் புத்தம் புதுசு. வாய்கிட்ட ஓட்டைய மூடி வட்டமா ஒட்டியிருக்கு பாருங்க ஸ்டிக்கரு, அத யாரும் பிரிச்சிடாதீங்க. பிரிச்சா கடக்காரன் திருப்பி வாங்க மாட்டான்” என்று எச்சரித்தார் சடையப்பன்.

“உள்ள மெஷின் சத்தத்துல மணியடிச்சா கேக்காதே மொதலாளி?” என்றான் பக்கிரி.

“இளவரசு வந்து தோள்ல தட்டுவான். அப்ப கெளம்பு.”

பக்கிரி மாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். கூத்துக்காரன் கடைசி நேரத்தில்தான் வேஷம் கட்டுவான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. சடையப்பன் அவசர அவசரமாக இளவரசுக்குத் தானே மாஸ்க்கை மாட்டி, பின்னால் இருந்த வார்களை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினார். உள்ளேயிருந்து இளவரசு ஏதோ சொன்னான். கையைக் கையை ஆட்டினான்.

“எதுவா இருந்தாலும் அப்பறம் பேசிக்கலாம் மாப்ள. மேடம் வந்துட்டாங்க” என்று அவனைப் புகைக்குள் தள்ளிவிட்டு ஓடினார்.

மணி அடித்தது. தொழிலாளர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். வெண்மதி செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். சத்யப்பிரியா டீ டம்ளர்களோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

புகையிலிருந்து மஞ்சள் உருவம் ஒன்று தடுமாறி வெளியே வந்தது. சொன்னதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான், கூத்துக்காரனுக்கு எப்போதும் அவசரம் என்று நினைத்துக்கொண்டார் சடையப்பன். ஆனால் என்ன நடிப்பு! கழுத்தைப் பிடித்தான். மாஸ்க்கைப் பிய்ப்பது போல இழுத்தான். தடித்த கையுறை வழுக்கிக்கொண்டே போனது. அப்படியே சரிந்து விழுந்து, குதிகால்களால் தரையை உதைத்தான்.

“மாஸ்க் போட்டவரு ஏன் விழறாரு?” என்றார் வெண்மதி.

சடையப்பன் முந்திக்கொண்டார். “தப்பா மாட்டினா என்னாவும்னு காட்டறோம் மேடம். அதுவும் ட்ரெய்னிங்லயே வருது.”

“ரொம்ப நல்ல விஷயம். எங்கயும் இத நான் பாத்ததில்ல.” அவர் இன்னும் கிட்டே போய்ப் படம் எடுத்தார்.

உதைத்துக்கொண்டிருந்த கால்கள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. ஐஸ் உடைக்கும் செல்லாயி பொறுக்க முடியாமல் ஓடினாள். “ஐயோ, பாக்கவே பயமா இருக்குதே. தூக்கி ஒக்கார வெக்கட்டுமா?”

“தொடாத செல்லாயி! தூக்கறதுக்கு ஆளு இருக்கு. அவன்தான் வரணும்.”

செல்லாயி பின்வாங்கினாள். எல்லோரும் வாசலையே பார்த்தார்கள். புகைதான் வந்தது.

“ஆள் வர லேட்டாவுதே?” என்றார் வெண்மதி.

“வந்துருவான் மேடம். என் தங்கச்சி வூட்டுக்காரருதான்.” சடையப்பன் புகையைப் பார்த்துக் கத்தினார். “மாப்ள! வா மாப்ள!”

“அவரு எப்பவும் இப்பிடித்தான் மேடம். கல்யாணத்தன்னிக்கே மேடைக்கு லேட்டா வந்தாரு” என்று சத்யப்பிரியா சிரித்தாள். வெண்மதியும் சிரித்தார். தரையில் கிடந்தவனின் கால் சத்யப்பிரியாவின் செருப்பில் பட்டபடி கிடந்தது. வேலைக்காரனை மிதித்துவிடக் கூடாதே என்று அவள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

அவன் அசையவே இல்லை. சொன்னபடியே கிடக்கிறான், மீதி மானியம் வந்ததும் இவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சடையப்பன் மனதுக்குள் முடிவு செய்தார். உண்மையில் அவருக்கு அவன்மேல் பிரியமே வந்துவிட்டது.

“மாப்ள!” என்று மறுபடி கத்தினார்.

கடைசியில் புகைக்குள் ஒரு மஞ்சள் உருவம் தெரிந்தது. சத்யப்பிரியா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். தொழிலாளர்களும் தட்டினார்கள். சடையப்பனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

உருவம் வாசலுக்கு வந்தது. மாஸ்க் கக்கத்தில் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான் பக்கிரி:

“மொதலாளி, நான் எப்ப வந்து வுழறது?”