எதிர்மாடிக் கருவாலன்

"சிக்கிட்டான் நவால், சிக்கிட்டான்! எதிர்மாடி ஹில்மியோட கருவாலன் புறா இப்ப நம்ம கூண்டுல!"

ஷவ்கிக்கு அறுபத்தெட்டு வயது. படியில் குதித்து இறங்கி வந்தார்.

கெய்ரோவின் அந்தத் தெருவில் புறா வளர்ப்பவர்களுக்கு ஒரே சட்டம்தான். வழி தவறி வந்த புறா, இறங்கிய மாடிக்குச் சொந்தம். திருப்பிக் கேட்பது கேவலம். திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கேவலம்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஷவ்கியின் வெள்ளைப் பேடு ஹில்மியின் மாடியில் போய் இறங்கியது. அன்றோடு பேச்சு நின்றது. தினமும் மாலை புறா விடும் நேரத்தில் மாடிக்கு மாடி திட்டு மட்டும் பறக்கும்.

"இப்ப சந்தோஷமா?" என்றாள் மனைவி நவால்.

"சந்தோஷம்னா அப்படியொரு சந்தோஷம்! இனி எனக்கு ஒண்ணும் வேணாம்."

மறுநாள் மாலை எதிர்மாடியில் ஒரு புறாகூட எழும்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்தக் கருவாலனே போன பிறகு எதற்கு என்று, வெள்ளிக்கிழமைச் சந்தையில் மொத்தக் கூட்டத்தையும் ஹில்மி விற்கப்போவதாக டீக்கடையில் பேச்சு.

"விக்கட்டும்! ஜெயிச்சது நான்."

"ஜெயிச்சவர் சாப்பிடுங்களேன். ரெண்டு நாளா ரொட்டியைப் பிய்ச்சுப் பிய்ச்சு வைக்கிறீங்க."

"சந்தோஷமாத்தான் இருக்கு, நவால். நிறையத்தான் மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை காலை ஷவ்கி தெருவே கேட்கக் கத்தினார்.

"கூண்டுக் கதவைச் சாத்தக்கூடத் தெரியாதா உனக்கு? கருவாலன் அந்தப் பய வீட்டுக்கே பறந்துட்டான்!"

நவால் ரொட்டிக்கு மாவு பிசையப் போனாள்.

ஹில்மி சந்தைக்குப் போகவில்லை. அன்று மாலை எதிர்மாடியில் மொத்தக் கூட்டமும் எழும்பியது. கூடவே குரலும் எழும்பியது.

"டேய் ஷவ்கி! கஞ்சன் வீட்டுத் தீனி என் கருவாலனுக்கு ஒத்துக்கலடா!"

"போடா, திருட்டுப் பயலே! உன் கூண்டுல இடி விழ!"

தொண்டை கட்டும்வரை திட்டிவிட்டு இறங்கி வந்த ஷவ்கி, மூச்சு விடாமல் நான்கு ரொட்டி தின்றார். ஐந்தாவதை வைத்தபடி நவால் கேட்டாள்:

"கதவை நான் சாத்தலைன்னு அந்தக் கத்து கத்தினீங்களே. விடியக்காலைத் தொழுகை முடிஞ்சதும் மாடிக்குப் போய், கருவாலனைக் கையில ஏந்திப் பறக்கவிட்டது யாரு?"

ஷவ்கி பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுடி! அவனுக்குத் தெரிஞ்சா சமாதானத்துக்கு வந்துடுவான். அப்புறம் சாயங்காலம் ஆனா நான் யாரைத் திட்டுவேன்?"