பஸ் ஸ்டாண்டுக்கு எது வழி?

"காசு கொடுத்து ஒரு ஆள் எதுக்கும்மா? நீயே ஒரு நடை கூட்டிட்டுப் போகலாமே?"

மருமகளுக்கு ஒரு காதில் மாமனார், மறு காதில் ஆபீஸ்.

"எனக்கே இங்க வீடும் ஆபீசும் விட்டா ஒண்ணும் தெரியாது மாமா. இவங்க ஊருக்குப் புதுசா வர்றவங்களை நடத்தியே கூட்டிட்டுப் போய்க் காட்டுறவங்க. உங்களுக்கு மட்டும் தனியா ஏற்பாடு பண்ணியிருக்கேன். போயிட்டு வாங்க."

வாசலில் தொப்பியும் குடையுமாக நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். மருமகள் அவளைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஏதோ கிசுகிசுத்தாள்.

'மெதுவா கூட்டிட்டு வாங்க, அவசரமில்லைன்னு சொல்லியிருப்பா' என்று நினைத்துக்கொண்டார் பெரியவர்.

மகன் அவரைக் கையோடு அழைத்து வந்து விட்டுவிட்டு, மறுநாளே வேலை என்று வெளியூர் போய்விட்டான். மூன்றாம் நாளே மருமகள் ஆள் வைத்து வெளியே அனுப்புகிறாள். நேற்று லிஃப்ட்டில் ஒரு குழந்தை, "யாரும்மா இந்தத் தாத்தா?" என்று கேட்டது. அம்மாவுக்கும் தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் பை பிரிக்காமலே கிடந்தது. பழைய வீட்டுச் சாவியும் சட்டைப் பையில்தான் இருந்தது.

தெருவில் இறங்கியதும் முதல் கேள்வியே அதுதான்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எது வழிம்மா?"

"அதைக் கடைசியில பார்த்துக்கலாம் ஐயா."

சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்குள் நுழைந்தாள்.

"உள்ள வாங்க ஐயா."

"பரவாயில்லை. இங்கயே நிக்கிறேன்."

உள்ளே அவள் ஏதோ சொன்னாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்து செருப்புத் தைக்கிறவர். அதற்கடுத்து முடி வெட்டும் கடை. அங்கே இருந்தவர், இவர் தலையில் மிச்சமிருந்ததை எண்ணுகிற மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, அங்க ஒரு மணிக்கூண்டு தெரியுதே..."

"அது எங்க ஐயா ஓடிடப் போகுது? எப்ப வேணும்னாலும் பார்க்கலாம். பேக்கரிக்காரர் ராத்திரி பூரா அடுப்படியில நிக்கிறவர். இன்னும் கொஞ்ச நேரம் போனா தூங்கப் போயிடுவார், வாங்க வாங்க."

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. கமிஷன்! புது ஆளைப் பிடித்து வந்து காட்டினால் கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? மருமகள் காசும் தண்டம், தன் காலும் தண்டம்.

பேக்கரி வாசலில் நிற்கும்போது, சூடான ரொட்டி வாசனையோடு மனைவி ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில், பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து அவள் அந்தப் பழைய வீடு இருக்கும் ஊருக்குப் போனாள். அவரும் கூடப் போனார். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் அவருக்கு வேலை. நாள் முழுக்க மோட்டாரோடுதான் பேச்சு. கடைத்தெருவுக்குப் போனால் அவள் உள்ளே போய்ப் பேசிக்கொண்டே இருப்பாள். இவர் வாசலில் பையோடு நிற்பார், இப்போது நிற்பது மாதிரியே.

ஊருக்கே அவள் டீச்சர். இவர், டீச்சர் வீட்டுக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அவள் போன பிறகும் அந்த ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. யாராவது கூப்பிடும்போதெல்லாம், அவள் உள்ளே பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

"போகலாமா ஐயா?"

கூட வந்த பெண் குடையை விரித்தாள். அவ்வளவுதான், ஊர் முடிந்துவிட்டது.

"பஸ் ஸ்டாண்ட்?"

"இந்தப் பேக்கரியைத் தாண்டி நேரா போனா வந்துடும் ஐயா."

அது ஒன்றுதான் உருப்படியான தகவல்.

மறுநாள் காலை மருமகள் ஆபீஸ் கிளம்பியதும், கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பழைய ஊருக்குப் போய்ச் சேர்ந்து மகனுக்குப் போன் பண்ணிக்கொள்ளலாம்.

"என்ன ஐயா, முழங்கால் தேவலையா?"

பெரியவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரர் இவரைத்தான் கேட்டிருக்கிறார்.

"ம்... தேவலை."

"செருப்பு வார் விட்டுப் போச்சு பாருங்க. வரும்போது குடுத்துட்டுப் போங்க" என்றார் செருப்புத் தைக்கிறவர்.

வரும்போதா? பெரியவர் நடையை எட்டிப் போட்டார். பேக்கரியைத் தாண்டிவிட்டால் நேர் வழி.

தாண்டியும் விட்டார்.

"டீச்சர் வீட்டுக்காரரே!"

கால் அப்படியே நின்றுவிட்டது.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தார். "பார்க்காத மாதிரி போறீங்களே, நியாயமா? நேத்தும் உள்ள வராமலே போயிட்டீங்க. பையும் கையுமா எங்க கிளம்பிட்டீங்க?"

பெரியவர் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினார்.

"ரொட்டி வாங்கத்தான்."

"ரொட்டிக்கா இவ்வளவு பெரிய பை! வீட்டுல எத்தனை பேர் ஐயா?"

"நானும் மருமகளும்தான். மகன் வெளியூர் போயிருக்கான்... ஆமா, இந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னது?"

"நேத்து உங்களைக் கூட்டிட்டு வந்தாங்களே, அவங்கதான். இது என்னம்மா, மணிக்கூண்டைக் காட்டாம மாவு பிசையுற இடத்தைக் காட்டுறியேன்னு கேட்டேன்." பேக்கரிக்காரர் சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தார். "உங்க மருமகள் படிக்கட்டுல வச்சு இந்தப் பேரு, முழங்கால் வலி எல்லாம் சொல்லிட்டு, கடைசியா ஒண்ணு சொன்னாங்களாம், 'ஊரை எங்க மாமாவுக்குக் காட்ட வேண்டாங்க. எங்க மாமாவை ஊருக்குக் காட்டிட்டு வாங்க.'"