மேலும் கீழும்

வெளிநாட்டுக்காரர் பள்ளிப் பையைக் கையில் வாங்கினார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார், தோள்பட்டியைத் தடவினார், முகமெல்லாம் சிரிப்பாகத் தலையை மேலும் கீழும் நன்றாக ஆட்டினார்.

"போச்சுக்கா!" என்று அக்காவின் காதைக் கடித்தான் தம்பி. "வேணாங்கிறாரு."

பை தைக்கும் அந்தப் பட்டறை அக்காவுடையது. இந்த ஆர்டர் கிடைத்தால், வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பெண்களை எல்லாம் திரும்பக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் மிச்சமிருக்கும் மெஷின்களையும் உறை போட்டு மூடிவிட வேண்டியதுதான்.

"சிரிக்கிறாரேடா?"

"அவங்க ஊர்ல வேணாம்னு சொல்றப்பதான் நல்லா சிரிப்பாங்க. மரியாதை! மேலும் கீழும் ஆட்டினா 'இல்ல'. இப்படி அப்படி ஆட்டினாத்தான் 'ஆமா'. வீடியோ வீடியோவா பார்த்துப் படிச்சு வச்சிருக்கேன்."

எதைப் பற்றிக் கேட்டாலும் விவரம் சொல்வதால் பட்டறையில் அவனுக்குப் பெயரே 'விவரம்'. மொழிபெயர்க்க வரவேண்டிய பெண்ணின் பஸ் வழியில் படுத்துவிட்டதால், இன்றைக்கு அவன் வைத்ததுதான் சட்டம். வந்தவருக்கோ நம் பாஷையில் ஒரே ஒரு வரிதான் தெரியும். அதையும் யாரிடமோ கேட்டுப் பழகிக்கொண்டு வந்து, வாசலிலேயே, "நல்லா... இருக்கீங்களா?" என்று மழலையில் விசாரித்திருந்தார்.

"போன்ல மொழிபெயர்த்துக் காட்டலாமாடா?"

"ஐயோ! முகத்துக்கு நேரா போனை நீட்டினா அவமானமா எடுத்துக்குவாங்களாம். கட்டை விரலைக்கூடத் தூக்கிடாதக்கா, அது இன்னும் மோசம்."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "மாஸ்டர், ரெண்டு பக்கமும் பாக்கெட் வைங்க!"

கட்டிங் மாஸ்டர் மெஷினைக் கடகடவென்று ஓட்டினார். பாக்கெட் வைத்த பை வந்தது. விருந்தாளி புருவத்தை உயர்த்தினார். பிறகு, அதற்கும் சிரித்தபடியே மேலும் கீழும் ஆட்டினார்.

"இதுவும் வேணாமாம்," என்றான் விவரம்.

அடுத்தது சக்கரம். சக்கரத்துக்கு எங்கே போவது? அக்காவின் சுழல் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, காலை உடைத்துச் சக்கரங்களைப் பிடுங்கினார்கள். விருந்தாளி நாற்காலியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு லேசாக மேலும் கீழும் அசைத்தார்.

"சின்னதா ஆட்டறாரு! இறங்கி வர்றாருக்கா. விட்டுடாத!"

அக்காவுக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. குடைக்கு ஓர் உறை வைக்கச் சொன்னாள், தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வலை. தலைவாரிக்கொள்ள முன்பக்கம் கண்ணாடி. யாருடைய சைக்கிளிலிருந்தோ ஒரு பெல் கூட வந்து சேர்ந்தது.

"அம்மா, இதைத் தூக்கறதுக்கே ரெண்டு பிள்ளைங்க வேணுமே," என்றார் மாஸ்டர், நூலைக் கடித்தபடி.

"தூக்கட்டும், தைங்க!"

பை உருண்டு வந்து விருந்தாளியின் காலடியில் நின்றது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பெல்லை அழுத்தினாள். கிணிங்!

விருந்தாளியின் கண்கள் வெளியே வந்துவிடும் போலிருந்தன. தலையை இடமும் வலமும் படபடவென்று ஆட்டினார். தலை போதாதென்று இரண்டு கைகளையும் சேர்த்து ஆட்டினார்.

"ஆமாங்கிறாருக்கா! ஆமாங்கிறாரு!"

பட்டறையே ரெண்டுபட்டது. யாரோ விசிலடித்தார்கள். மாஸ்டர் அளவு டேப்பை மேலே வீச, அது போய் மின்விசிறியில் சுற்றிக்கொண்டது. அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் போனைப் போட்டாள். "நாளைக்கே எல்லாரும் வேலைக்கு வந்துடுங்கடி! ஆர்டர் நமக்குத்தான்!"

விருந்தாளி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, இன்னும் வேகமாக ஆட்டினார்.

"எவ்வளவு சந்தோஷம் பாருங்க மனுஷனுக்கு!" என்று பூரித்துப்போனாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து, மொழிபெயர்க்கும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கூட்டத்தில் தொலைந்த பிள்ளை அம்மாவைக் கண்டதுபோல விருந்தாளி அவளிடம் பாய்ந்து போய், படபடவென்று கொட்டித் தீர்த்தார். அவள் பையைப் பார்த்தாள், காலில்லாத நாற்காலியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"மேடம், முதல் பைக்கே சம்மதம்னு அப்பவே சொல்லிட்டாராமே. அந்தப் பைதான் வேணுமாம். நல்லா இருந்த நாற்காலியை ஏன் உடைச்சீங்கன்னு கேக்கிறாரு."

"எப்பம்மா சம்மதம் சொன்னாரு? மேலும் கீழும்ல ஆட்டினாரு! அவங்க ஊர்ல அதுக்கு 'வேணாம்'னுதானே அர்த்தம்?"

"ஆமா மேடம், அவங்க ஊர்ல அப்படித்தான்."

விவரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அந்தப் பெண் குழம்பிப்போய் விருந்தாளியிடம் ஏதோ கேட்டாள். அவர் காது மடல் சிவக்க, தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். அதைக் கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு துணிக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கிப் பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்களுக்குப் புரியணுமேன்னு, நம்ம ஊர்ப்படி தலையாட்டப் பழகிட்டு வந்தாராம்!"