தங்கவேலின் ஆட்டம்

"பொம்பள வண்டி ஓட்டுனா பொதி போய்ச் சேராது, பொணம்தான் போய்ச் சேரும்!"

தங்கவேல் கத்தியதும் கரையில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ரங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நுகத்தடிக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துச் சரிபார்த்தாள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம் அது. கோட்டைக்குத் துணிப் பொதி ஏற்ற வேண்டுமென்றால் வண்டிக்காரன் இடுப்பில் கம்பெனி அனுமதியாகத் தரும் பித்தளை வில்லை இருக்க வேண்டும். வில்லை வேண்டுமென்றால் பொதியோடு ஏரியைக் கடந்து காட்ட வேண்டும். பொதி நனையக் கூடாது. யாரும் வழி சொல்லக் கூடாது.

அந்த வில்லை முன்பு அவளுடைய அப்பா சின்னதம்பியிடம் இருந்தது. சக்கரம் ஏறி இடுப்பு முறிந்து அவர் படுத்ததும் கோட்டை அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இன்று தோற்றால் மாடுகளை உலகநாதனுக்கு விற்க வேண்டியதுதான். வண்டிக்காரர்களுக்குத் தலைவர் அவர். எந்தத் தொழுவத்தில் கட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு எவனாச்சும் கயிறு புடிக்கக் கத்துக் குடுத்தா, அப்பறம் அவன் வண்டி கோட்டை வாசலைத் தாண்டாது" என்று அவர் சொன்னதிலிருந்து ஊரில் ஒருவரும் அவளோடு பேசவில்லை.

தினமும் கோட்டைக்குப் பொதி ஏற்றிப் போகும் தங்கவேல் மட்டும் பேசினான். அதுவும் ஏச்சுதான். உப்பளத்தில் அவள் தனியாக வண்டி பழகும்போதெல்லாம் வந்து நின்றுகொள்வான்.

"இன்னா, மாடு ஓட்டுறியா, கெணத்துல தண்ணி சேந்துறியா? கயித்தை அப்புடி இழுத்தா மாடு உன்னைத்தான் கவுக்கும்!"

அவன் வாயை அடைக்கவே மறுநாள் கயிற்றைத் தளர்த்திப் பிடிப்பாள்.

"பாரம் பூரா பின்னால கெடக்குது. வண்டி வானத்தைப் பாக்குது. இதுல இவ கோட்டைக்குப் போறாளாம்!"

மறுநாள் பாரத்தை முன்னால் தள்ளி ஏற்றுவாள். அவன் வேறொரு குறை கண்டுபிடிப்பான்.

ஊரிலேயே அவள் அதிகம் வெறுத்த ஆள் அவன்தான்.

மீரான் மரைக்காயர் வந்தார். கம்பெனிச் சரக்குக்குப் பொறுப்பு அவர். வண்டிக்காரர்களைச் சோதித்துப் பார்ப்பதும் அவர்தான்.

"மரைக்காயரே, பொம்பளைக்கு வில்லை குடுத்தா நல்லா இருக்காது," என்றார் உலகநாதன்.

"எனக்குப் பொதி நனையக் கூடாது. ஓட்டுறது யாருன்னு பொதிக்குத் தெரியாது. ஏம்மா, போறியா, திரும்புறியா?"

"திரும்புறதுக்கு வரலைங்க."

ரங்கம்மாள் வண்டியில் ஏறினாள்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் அடியில் சேறு. அச்சு வரை விழுங்கிவிடும். நடுவில் கிளிஞ்சல் மேடு ஒன்று வளைந்து வளைந்து அக்கரை வரை போகிறது. வண்டி அதன்மேல்தான் போக முடியும். கிளிஞ்சல் கத்தி மாதிரி கிழிக்கும். லாடம் அடித்த மாடு நடக்கலாம். மனிதன் கால் வைக்க மாட்டான். போன மழையில் அந்த மேடு இடம் மாறிவிட்டது. புது இடம் தினமும் போய்வருகிறவர்களுக்குத்தான் தெரியும். வில்லை கேட்டு அவளுக்கு முன்னால் இறங்கிய மாரியின் வண்டி இன்னும் சேற்றில் சாய்ந்து கிடந்தது.

தொபுக்கென்று யாரோ தண்ணீரில் குதித்தார்கள். தங்கவேல்!

மாடுகளுக்கு முன்னால் போய் நின்று, சேலை கட்டியவள் மாதிரி இடுப்பை ஒடித்தான். "பாருங்கடா, ரங்கம்மா வண்டி ஓட்டுறா!" குரலை மெலிதாக்கி "ஹை... ஹை..." என்றபடி, ஒரு காலைத் தூக்கி, மறுகாலைத் தூக்கி, குதித்துக் குதித்துப் போனான். கரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உலகநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"தங்கவேலு, யாரும் வழி சொல்லக் கூடாது!" மரைக்காயர் எச்சரித்தார்.

"இவளுக்கா? வழியில நின்னு மறிக்கத்தான் போறேன்!"

ரங்கம்மாளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "தள்ளு! மேல ஏத்திடுவேன்!"

"மொதல்ல என்னைப் புடி, அப்பறம் ஏத்து!"

அவள் நேராக அவன்மேல் ஓட்டினாள். அவன் இடப்பக்கம் துள்ளினான், அவளும் திருப்பினாள். வலப்பக்கம் ஓடினான், விடவில்லை. சக்கரத்தின் கீழ் ஏதோ நொறுங்கிக்கொண்டே வந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. வில்லை, பொதி, அக்கரை எதுவும் நினைவில் இல்லை. இந்தக் குரங்கின் முதுகில் மாட்டுக் கொம்பு ஒரு தடவையாவது பட வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தபோது மாடுகள் அக்கரை மணலில் நின்றன.

மரைக்காயர் படகில் வந்து பொதியின் அடியைத் தடவினார். காய்ந்திருந்தது. வில்லையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அதை இடுப்பில் செருகிக்கொண்டு தங்கவேலைத் தேடிப் போனாள். நாலு வார்த்தை கேட்காவிட்டால் அவளுக்கு ஆறாது.

கரையேற்றிய படகு ஒன்றின் மறைவில், தண்ணீர் ஓரமாக அவன் தனியே உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கால்களும் கிழிந்திருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலில் ஏறியிருந்த கிளிஞ்சல் துண்டைப் பிடுங்கினான். ரத்தம் தண்ணீரில் கலந்தது.

அவள் திரும்பித் தன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாள்; அதன் பட்டையிலும் அதே கிளிஞ்சல் துண்டுகள் சிக்கியிருந்தன.

உலகநாதன் வந்த படகு கரை தட்டியது. தங்கவேல் சட்டென்று இரண்டு கால்களையும் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டான்.

"இன்னாடி பாக்குற? மாடு பண்ண வேலை, நீ ஒண்ணும் கிழிக்கல! நாளைக்கு ஓட்டு, பாக்குறேன்!"

ரங்கம்மாள் அந்தச் சேற்றை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, உலகநாதன் காதில் விழும்படி, அவனைவிட உரக்கக் கத்தினாள்:

"உன் மேல ஏத்தாம விட்டேன் பாரு, அதான்டா நான் செஞ்ச தப்பு!"