உயிரோடிருக்கும் மாட்டின் சதை

ஜெர்மனியில், கார்ஹிங் ஆய்வுகூடத்துச் சன்னலில் பனிக்காலத்து மத்தியான வெளிச்சம் சாம்பலாய் அப்பிக் கிடக்கிறது. மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில், மாட்டின் செல்லிலிருந்து ஆய்வுகூடத்திலேயே வளர்த்த இறைச்சி, ரோசா நிறத்தில் ஒரு கட்டைவிரல் அளவு. யூத உணவு விதிப்படி அதற்குச் சான்று தர வந்திருக்கும் முதிய மதகுரு அதைப் பார்க்கவில்லை. அதை வளர்த்த கிருசாந்தியின் கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் செல்லுக்காக, மாட்டைக் கொல்லாமல், தோளில் ஊசியால் ஒரு துளி சதை எடுத்த வீடியோ. அவர் கேட்கவேயில்லை. பெருமை தாங்காமல் இவளாகத்தான் நீட்டினாள். கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "உயிருள்ள மிருகத்திலிருந்து எடுத்த சதை எங்களுக்கு ஆகாது," என்கிறார் தாழ்ந்த குரலில், ஜெர்மன் மொழியில். "முறைப்படி அறுத்த பிறகே எடுத்திருக்க வேண்டும்." பிறகு திரையில் மாட்டின் நெற்றியை விரல்நுனியால் தொடுகிறார். "நல்ல அழகான மாடு." நடையில் நின்று தொலைபேசியில் பேசிவிட்டு வந்த சக ஆய்வாளன் ராகவ், அவள் காதருகே குனிகிறான். "பாஸ்கிட்ட கேட்டுட்டேன். வேற எந்த மாட்டோட செல்லும் இவ்வளவு நல்லா வளரலையே. இதையே அவங்க முறைப்படி அறுத்துட்டு, திரும்ப சாம்பிள் எடுக்கச் சொல்றார்." "ஐயோ, நான் ஏன் காட்டினனான்?" என்கிறாள் கிருசாந்தி. கிண்ணத்தின் மூடியைத் தேடும் அவள் கை, அது முன்னாலேயே இருந்தும் தடவிக்கொண்டிருக்கிறது. யாரும் அணைக்காத கைபேசியில் வீடியோ மறுபடி தொடங்குகிறது. மாடு திரும்பிப் பார்க்கிறது. படத்துக்கு வெளியிலிருந்து அவளுடைய குரலே கொஞ்சுகிறது: "பயப்பிடாதை ராசாத்தி, உன்னை ஒண்டும் செய்யமாட்டன்."